கரை றோட்டில் முதலாம் இலக்கம்

1. முதல் நாள்

பட்டினத்துப் போர்டில் நான் செய்த முதல் வேலை, நிழலில் படுத்திருந்த ஒரு மனிதனை எழுப்பியது.

கல்லடிப் பாலம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. நான் வாவிக்கு மேற்கே படுவான்கரை ஆள். வயல் வட்டையில் கதிர் வெட்டு முடிந்து வேலை இல்லாமல் போனது. தோணி ஏறிப் புளியந்தீவுக்கு வந்து மரக் கூலியாகச் சேர்ந்தேன். பட்டினத்து றோட்டு மரங்களுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், கிளை தறிக்க வேண்டும், அடிமரத்துக்கு வெள்ளை அடிக்க வேண்டும். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. இலக்கம் தெரியும். அந்த வேலைக்கு அது போதும்.

எங்கள் வேலையை மேற்பார்க்கிற ஓவசியர் ஐயா பறங்கி ஆள். தமிழ் எங்களைப் போலவே பேசுவார். முதல் நாள் அவர் என்னைப் பங்களா றோட்டுக்குக் கூட்டிப் போனார். துரைமார் இருக்கிற றோட்டு. இரண்டு பக்கமும் வாகை மரம். மேலே கிளையோடு கிளை கோத்து வானத்தை மூடியிருந்தது. நேரம் உச்சி. நான் செருப்பு இல்லாதவன். கொஞ்சத் தூரம் நடந்த பிறகுதான் கவனித்தேன், கால் சுடவில்லை. நின்று மேலே பார்த்தேன். கோயில் மண்டபத்துக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. வாயைத் திறந்தபடி நின்றேன்.

“என்னடா பாக்கிறாய்? மனுசர் நட்டதுதான்” என்றார் ஓவசியர்.

“எல்லாமா ஐயா?”

“எல்லாம். அந்தா ஒருத்தன் படுத்திரிக்கான், அவன எழுப்பு.”

“ஏன் ஐயா?”

“நடக்கிறவனுக்குத்தான் இந்த நிழல். படுக்கிறவனுக்கில்ல. பங்களாவுக்கு முன்னால படுத்தா முறைப்பாடு வரும்.”

போய் எழுப்பினேன். மீன் காவி வந்த ஆள். வெறுங்கூடை தலைமாட்டில் கிடந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

“நடந்துகொண்டே நித்திர கொள்ள ஏலுமா மனே? ஏலுமெண்டா காட்டித் தா, நானும் பழகிறன்” என்றான்.

அவன் கூடையை எடுத்துக்கொண்டு வெயிலுக்குள் போனான்.

2. சூளைக்கரை

என்னோடு வேலை செய்தவர் காத்தான்குடி ஆதம்பாவா காக்கா; முஸ்லிம் ஆட்களில் அண்ணனைக் காக்கா என்பார்கள். போர்டு மாட்டு வண்டி அவர் கையில். மரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோவதும், தறித்த கிளையை அள்ளுவதும், வெள்ளை அடிக்கச் சுண்ணாம்பு ஏற்றுவதும் அவர்தான்.

சுண்ணாம்பு எடுக்கச் சூளைக்கரைக்குப் போவோம். வாவியோரமாகப் போகிற கரை றோட்டு அங்கே போய் முடியும். அங்கே உள்ளவர்கள் வாவியில் மட்டிச் சிப்பி அள்ளி, விறகோடு அடுக்கிச் சுட்டு, நீற்றி, அரித்துச் சுண்ணாம்பு ஆக்குகிறவர்கள். பட்டினத்து வெள்ளைச் சுவர் எல்லாம் அவர்கள் சுட்டதுதான்.

முதல் தரம் அங்கே இறங்கியபோது நான் துள்ளிக்கொண்டு ஓடினேன். சிப்பித் தூள் நிலம் அடுப்புக் கல் மாதிரிச் சுட்டது. காக்கா வண்டியில் இருந்தபடி சிரித்தார்.

“ஓடாத தம்பி. ஓடினாலும் நிக்கிறதுக்கு இடமில்ல.”

சுற்றிப் பார்த்தேன். இருபது முப்பது கிடுகுக் குடில். நடுவில் மூன்று சூளை. ஒரு மரம் இல்லை. ஒரு செடி இல்லை. கண்ணைத் திறக்க முடியாத வெள்ளை. அந்த வெள்ளைக்குள் பெண்கள் குந்தியிருந்து சுண்ணாம்பு அரித்துக்கொண்டிருந்தார்கள். பங்களா றோட்டுக்கும் இந்த இடத்துக்கும் ஒரு கட்டை, ஒரு மைல் தூரம்கூட இல்லை.

“ஏன் காக்கா, இவங்க ஒரு மரம் நட்டா என்ன?”

“அரசாங்கக் காணிடா இது. மரம் நட்டா மறுகா காணிக்கு உரித்துக் கேப்பாங்களாம். அதால இஞ்ச ஒண்டு முளைச்சா போர்டு ஆள் வந்து புடுங்கிடும்.”

“போர்டு ஆளெண்டா ஆரு?”

“நீதான்டா” என்றார் காக்கா.

3. பன்னிரண்டு கம்பு

மாரி தொடங்குமுன் கரை றோட்டுப் பூவரச மரங்களைத் தறிப்போம். தறித்த கிளை சூளைக்கு விறகாகப் போகும். அதற்குப் பதிலாக அவர்கள் போர்டுக்குச் சுண்ணாம்பு தருவார்கள். அது பழைய ஏற்பாடு.

அந்த வருஷம் நாங்கள் கிளை இறக்கும்போது ஒரு பெண் வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள். பெயர் வள்ளிப்பிள்ளை. சுண்ணாம்பு அரிக்கிறவள். புருஷன் தோணியில் மட்டி அள்ளப் போகிறவன். இடுப்பில் ஒரு கைப்பிள்ளை.

“காக்கா, இதுல நீளக் கம்பாப் பாத்து எனக்குப் பன்னிரெண்டு தாங்க. எரிக்கிறதுக்கில்ல.”

“மறுகா என்னத்துக்கு புள்ள?”

“ஏணை கட்ட.”

“ஒரு ஏணைக்கு ரெண்டு கம்பு காணும்தானே. பன்னிரெண்டெண்டா, என்ன, ஊருப் புள்ளையெல்லாம் நீயா ஆட்டப் போறாய்?”

அரித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

“எனக்கு ஒண்டுதான் காக்கா இரிக்கி. ரெண்டு இருந்தது. மூத்தத போன கச்சானுக்குக் குடுத்திட்டன்.”

சிரிப்பு நின்றது. கச்சான் என்பது ஆனி, ஆடியில் மேற்கே இருந்து வருகிற வெக்கைக் காற்று. சூளைக்கரையில் அது சூளையைத் தொட்டுக்கொண்டு வரும். குடிலுக்குள் ஏணையில் கிடந்த பிள்ளை. தாய் வெளியே அரித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை அழவில்லை. அழவில்லை என்றுதான் அவளும் போய்ப் பார்க்கவில்லை.

காக்கா வண்டியை விட்டு இறங்கினார். கிளைக்குள் புகுந்து, ஆள் உயரத்துக்கு மேலே, கை மொத்தத்தில், நேரான கம்பாகப் பன்னிரண்டை அவரே தேடி எடுத்தார்.

பூவரசங் கம்பை மாரி தொடக்கத்தில் ஊன்றினால் துளிர்க்கும். எங்கள் பக்கத்தில் வேலி போடுவதே அப்படித்தான். அது எனக்கும் தெரியும், காக்காவுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

“தங்கச்சி, இது முளைச்சா என்னைத்தான் அனுப்புவாங்க” என்றேன்.

“ஏணைக் கம்பு தானா முளைச்சா நான் என்ன அண்ணன் செய்யிற?” என்றாள்.

அந்த நிலத்தில் எதுவும் முளைக்காது என்றுதான் நான் நினைத்தேன். சிப்பியும் சாம்பலும் உப்பும். அவள் வாவியோரத்துக் கண்டல் அடியிலிருந்து சேறு அள்ளி வந்து குழியில் போட்டாள். கூடை கூடையாகப் போட்டாள். புருஷன் இரண்டு வரிசையாகக் கம்பை ஊன்றினான். அவசரத்தில் ஒன்றைத் தலைகீழாக ஊன்றிவிட்டான்.

மாரி கொட்டியது. கார்த்திகை முடிவில் சுண்ணாம்புக்குப் போனோம். பன்னிரண்டும் துளிர்த்திருந்தது. தலைகீழாக ஊன்றியதும் துளிர்த்திருந்தது. வெள்ளை நிலத்துக்கு மேலே சின்னச் சின்னப் பச்சை. காக்கா மாட்டை நிறுத்திவிட்டு, “சுபுஹானல்லாஹ்” என்றார். அந்தக் கம்பு மேலே எது கீழே எது என்று எப்படி அறிந்தது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

4. அலவாங்கு

தை மாதம் ஓவசியர் ஐயா சூளைக்கரைப் பக்கம் சைக்கிளில் வந்தார். இலையைப் பார்த்தார்.

அவர் மரத்துக்கு எதிரி இல்லை. அதைச் சொல்ல வேண்டும். பங்களா றோட்டில் ஒரு வாகை பட்டபோது மூன்று நாள் முகம் கறுத்துத் திரிந்த மனிதர். ஆனால் அவருக்குப் போர்டுப் புத்தகத்தில் உள்ளதுதான் மரம்.

“தம்பிப்பிள்ள, கிழமை முடியமுன்னம் அதப் புடுங்கிப் போடு” என்று என்னிடம் சொன்னார்.

“ஏணைக் கம்பு ஐயா.”

“ஏணைக் கம்புல இலை என்னத்துக்கு? புடுங்கு.”

அடுத்த நாள் விடியலில் அலவாங்கு என்கிற இரும்புக் கடப்பாரையோடு போனேன். ஓரத்தில் நின்ற கம்பைப் பிடித்தேன். நாலு மாதக் கம்புதானே, ஆட்டினால் வந்துவிடும் என்று எண்ணினேன். அசையவில்லை. அலவாங்கால் சுற்றிக் குத்தி, குந்தியிருந்து கையால் தோண்டினேன். ஒரு முழத்துக்கு வேர் போயிருந்தது. வெள்ளை வேர். சேற்றைத் தாண்டிச் சிப்பிக்குள் இறங்கியிருந்தது. ஒவ்வொரு நுனியும் ஒரு சிப்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது, குழந்தை விரலைப் பிடிக்கிற மாதிரி. நான் எத்தனையோ மரம் புடுங்கியிருக்கிறேன். இப்படிப் பார்த்ததில்லை. எடுத்துக் கீழே வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

ஆட்கள் வேலைக்கு வந்தார்கள். ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வள்ளிப்பிள்ளை பிள்ளையோடு வந்தாள். புடுங்கிய கம்பைப் பார்த்தாள். மற்ற இரண்டு கம்புக்கு நடுவில் சேலைத் துண்டால் ஏணை கட்டினாள். பிள்ளையைப் போட்டு ஆட்டினாள்.

“மத்ததெல்லாம் புடுங்குங்க அண்ணன். இந்த ரெண்டையும் புள்ள எழும்பினாப் போல புடுங்குங்க. இப்பதான் கண்ணயந்தது.”

சொல்லிவிட்டு அரிக்கப் போய்விட்டாள்.

நான் காத்திருந்தேன். வெயில் ஏறியது. உச்சி வந்ததும் சூளையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சின்ன இலை, சின்ன நிழல். ஒரு ஆள் முழுதாக இருக்க நிழல் போதாது. ஒருவர் தலையை மட்டும் வைத்தார். ஒருவர் காலை மட்டும் வைத்தார். ஒருவரோடொருவர் இடிபடவில்லை. ஏணைக்கு விழுகிற நிழலில் மட்டும் ஒருவரும் கை வைக்கவில்லை. இதை அவர்கள் பேசிச் செய்த மாதிரியும் தெரியவில்லை.

பிள்ளை எழும்பியது. நான் அலவாங்கைத் தோளில் வைத்தேன்.

“நாளைக்கு வாறன் தங்கச்சி.”

அடுத்த நாளும் அதையே சொன்னேன். அதற்கடுத்த நாளும்.

5. வெள்ளை

அந்த நேரம் மாகாணத்தை ஆளுகிற பெரிய துரை பட்டினம் பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது. எல்லாரும் ஓடித் திரிந்தார்கள். அந்த மாரிக் காற்றில் சில மரம் விழுந்ததால் கரை றோட்டு மரத்துக்கெல்லாம் புது இலக்கம், புதுப் புத்தகம் என்று உத்தரவு. இடுப்பு உயரத்துக்கு வெள்ளை அடித்து, தகர அச்சை வைத்துத் தாரால் இலக்கம் போட வேண்டும். வெள்ளையும் இலக்கமும் உள்ளது போர்டு மரம். அதைத் தொட்டால் வழக்கு.

ஓவசியர் ஐயா கோட்டைப் பக்கம் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்.

“டேய், கரை றோட்டுல நிக்கிற மரமெல்லாத்துக்கும் வெள்ளை அடிச்சு இலக்கம் போடுங்க. சுறுக்காப் போங்க” என்றார். எங்கே தொடங்குவது என்று சொல்லவில்லை. வழக்கமாக அவர் கூடவே நிற்பார். கோட்டைப் பக்கத்தில்தான் தொடங்குவோம்.

ஆனால் சுண்ணாம்பு இருக்கிற இடம் சூளைக்கரை. அங்கே நீற்றிக் கரைத்து, பீப்பாயில் நிரப்பி ஏற்றினோம். காக்காவுக்கு மாடுதான் முதல்.

“நிறைஞ்ச பீப்பாயக் கோட்ட மட்டும் இழுக்கிறதா? ஏலாது. இஞ்ச தொடங்கினா போகப் போக மாட்டுக்குப் பாரம் குறையும்” என்றார்.

நியாயம்தான். தும்புக் கட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்து எடுத்தார். முன்னால் நின்றது வள்ளிப்பிள்ளையின் கம்பு. காக்கா என்னைப் பார்த்தார்.

“நிக்கிற மரமெல்லாம் எண்டுதானே சொன்னார்?”

“ஓம் காக்கா.”

“இது நிக்குதா?”

“நிக்குது.”

அவர் அடித்தார். நான் ஒன்று என்ற அச்சை வைத்துத் தாரைப் பூசினேன். தெரிந்து செய்ததா, தெரியாமல் செய்ததா என்று பிறகு பலர் கேட்டார்கள். கை செய்தது. எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

பதினொரு கம்பும் முடித்து, பன்னிரண்டாம் இலக்கத்தைக் கரை றோட்டின் கடைசிக் கிழட்டுப் பூவரசுக்குப் போட்டோம். அங்கேயிருந்து கோட்டை வரைக்கும் போனோம். யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்த கிளாக்கர் ஒருவர் பின்னால் புத்தகத்தோடு வந்து, மரத்தின் பெயரும் இலக்கமும் மையால் எழுதினார். அவருக்கு இது எந்த மரம், எப்போது வந்த மரம் என்று தெரியாது.

6. பெரிய துரை

பெரிய துரை கோட்டைப் பக்கத்திலிருந்து கரை றோட்டால் நடந்து வந்தார். நாங்கள் பின்னால். ஓவசியர் ஐயா இலக்கத்தைப் பார்த்தார். பெருகிக்கொண்டு போக வேண்டியது குறைந்துகொண்டு வந்தது. அவர் கழுத்தில் வேர்வை ஓடியது. திரும்பி என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

றோட்டு முடிந்தது. இலக்கம் பதினொன்று மிச்சம். பெரிய துரை நிற்காமல் சிப்பி நிலத்தில் இறங்கி நடந்தார். சூளைக்கரை ஆட்கள் எழுந்து நின்றார்கள். வள்ளிப்பிள்ளை ஏணைக்கு முன்னால் வந்து நின்றாள். மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் ஏணை. பிள்ளை உள்ளே. மூன்றாம் இலக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

துரை ஏதோ கேட்டார். கிளாக்கர் தமிழில் சொன்னார்: “இதுவும் போர்டு மரமோ எண்டு கேக்கிறார்.”

ஓவசியர் ஐயா இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். புடுங்கச் சொன்னவர் அவர். சொன்னால் புத்தகம் பிழை, இலக்கம் பிழை, றோட்டு முழுக்கப் பிழை. அவர் கம்பைப் பார்த்தார், ஏணையைப் பார்த்தார். எனக்கு ஒரு போகம் போன மாதிரி இருந்தது.

ஓவசியர் ஐயா இங்கிலீசில் ஏதோ சொன்னார். துரை தலையை ஆட்டினார். புத்தகத்தை வாங்கிக் கையெழுத்து வைத்தார்.

துரை போன பிறகு ஓவசியர் ஐயா என் காதைப் பிடித்தார். நான் கலியாணம் கட்டிய ஆள். ஆனாலும் பிடித்தார்.

“ஒண்டாம் இலக்கம் கோட்ட வாசல்ல இரிக்கோணும். நீ கொண்டுபோய்ச் சுண்ணாம்புச் சூளைக்குள்ள வெச்சிரிக்காய்! இனி அதுல ஒண்டப் புடுங்கிறதெண்டா பெரிய துரையிட கச்சேரிக் கந்தோருக்குக் காயிதம் எழுதோணும். ஏன் புடுங்கிற எண்டு கேப்பாங்க. நான் என்னத்த எழுதுற?”

“தெரியாது ஐயா.”

“எனக்கும் தெரியாது. அதால நான் எழுதப் போறல்ல. ஆனா நீ இனி மரத்தில கை வைக்கப் படாது. நாளையிலிருந்து கான் வெட்டு.”

கான் வெட்டுவது என்றால் பட்டினத்துச் சாக்கடை தோண்டுவது. ஒன்றரை வருஷம் வெட்டினேன். காக்காவை ஒன்றும் செய்யவில்லை. அவரை விட்டால் அந்த மாட்டை ஓட்ட வேறு ஆள் இல்லை.

அன்று பின்னேரம் நான் சூளைக்கரைக்குப் போகவில்லை. காக்காதான் போய்ச் சொன்னார். வள்ளிப்பிள்ளை ஒவ்வொரு இலக்கத்தையும் விரலால் தடவிப் பார்த்தாளாம். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. “இதுல என்ன காக்கா எழுதியிரிக்கி?” என்று கேட்டாளாம். “போர்டு ஆள் வரமாட்டான் எண்டு எழுதியிரிக்கி” என்றாராம் காக்கா.

7. கச்சான்

ஆனி பிறந்ததும் கச்சான் வந்தது. அந்த வருஷம் கடுமை. வாவி மீன் செத்து மிதந்தது. நான் கானுக்குள் நின்றாலும் காற்று முகத்தைச் சுட்டது. எனக்கு ஒரே நினைப்பு, அந்தப் பிள்ளை.

உச்சி நேரத்தில் கூலி ஆட்களுக்குச் சாப்பாட்டு நேரம். நான் சாப்பிடாமல் சூளைக்கரைக்கு நடப்பேன். கச்சான் முடியும் மட்டும் தினமும் நடந்தேன். பிள்ளை இருக்கிறதா என்று பார்ப்பேன், திரும்புவேன்.

அப்போது இலை உள்ளங்கையை விடப் பெரிதாகியிருந்தது. வள்ளிப்பிள்ளை ஏணையை ஒரே இடத்தில் கட்டவில்லை. காலையில் பத்தாம் இலக்கத்துக்கும் பதினொன்றுக்கும் இடையில். உச்சியில் மூன்றுக்கும் நான்குக்கும். பின்னேரம் ஒன்றுக்கும் இரண்டுக்கும். வெயில் நகர நகர ஏணை நகர்ந்தது. ஏணை போகிற பக்கம் மற்றப் பிள்ளைகளின் ஏணையும் போனது. எல்லாமாக ஏழு ஏணை. அந்த வெக்கைக்குள் அந்தப் பதினொரு மரத்துக்குக் கீழே மட்டும் நிலம் சுடவில்லை. நான் வெறுங்காலை வைத்துப் பார்த்தேன். ஆள் உயர மரம். பங்களா றோட்டு வாகைக்குப் பக்கத்தில் வைத்தால் புல்லு. ஆனால் நான் அங்கே நின்றபோது முதுகு சில்லிட்டது.

ஒரு நாள் ஏணை வெறுமையாகக் கிடந்தது. பிள்ளையைக் காணவில்லை. வள்ளிப்பிள்ளை அரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

“என்ன அண்ணன் பேயடிச்ச மாதிரி நிக்கிறீங்க? அங்கால பாருங்க.”

பிள்ளை இரண்டாம் இலக்கத்துக்குப் பின்னால் நின்றது. அன்றுதான் முதல் தரம் நின்றதாம். இரண்டு கையாலும் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. உள்ளங்கை முழுக்க நாங்கள் அடித்த வெள்ளை.

“விழப் போகுது தங்கச்சி.”

“விழட்டும் அண்ணன். நிழலுக்குள்ளதானே விழும்.”

அந்தக் கச்சானுக்குச் சூளைக்கரையில் ஒரு பிள்ளையும் போகவில்லை. முந்தின வருஷங்களில் அப்படி இல்லை என்று அங்கே உள்ள பெண்கள் சொன்னார்கள்.

மறுபடி மர வேலைக்கு வந்து பல வருஷம் செய்தேன். எத்தனையோ மரம் நட்டேன், புடுங்கினேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. ஒரு மரத்தைப் புடுங்கச் சொன்னால் விடியலில் போகாதே. உச்சி நேரத்தில் போ. போய்க் கொஞ்ச நேரம் சும்மா நில். அது யாருடைய மரம் என்று தெரியும்.